பஞ்சு, நெருப்பு, லயத்துக் கூரை: கஸ்ஸாலியின் பதினேழாவது விவாதத்தை வாசித்தல்

ஹட்டன் நகரில் வாப்பாவுக்கு ஒரு சின்னக் கடை. சீனி, மா, கருவாடு, மண்வெட்டிப் பிடி, பல்ப், வயர் எல்லாம் அங்கே கிடைக்கும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சம்பள நாள் வரை கொப்பியில் எழுதிச் சாமான் எடுப்பார்கள். சில வருடங்களுக்கு முன், அந்தக் கொப்பியில் பெயருள்ள ஒரு பெரியவரின் லயம் எரிந்தது. மொத்தம் பத்துக் காம்பரா. பகல் நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உடுத்திருந்த உடுப்பைத் தவிர யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. தீக்கு மின் ஒழுக்கே காரணம் எனத் தெரியவருவதாக எழுதியிருந்தார்கள்.

அப்போது நான் என் கலாநிதிப் பட்ட ஆய்வின் நடுவில் விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். ஆய்வின் தலைப்பே காரணம் என்றால் என்ன என்பதுதான். இயற்கையில் ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம், மனம் உடலை அசைக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற இரண்டு கேள்விகள் அதில் இருந்தன. பெரியவர் கடைக்கு வந்தபோது வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன செய்ற, எல்லாம் ஆண்டவன்ட நாட்டம்" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடவுள் செயல்னு சொல்லிட்டு எல்லாரும் போயிட்டாங்க நானா. தொரையும் அதத்தான் சொன்னாரு. அந்த வயர யாரு இழுத்தா, யாரு வந்து பாத்தான்னு ஒருத்தரும் கேக்கல."

அந்த வயர் எங்கள் கடையில் வாங்கியது. மலிவான, மெல்லிய வயர். வாப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு நான் திறந்த புத்தகம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'. அதன் பதினேழாவது விவாதம் நெருப்பையும் பஞ்சையும் பற்றியது. ஆய்வுக்காகப் பலமுறை படித்த பக்கங்கள்தான். பெரியவரின் கேள்வியை வைத்துக்கொண்டு படித்தபோது, அந்தப் பக்கங்களை நாம் எவ்வளவு தவறாகப் படித்து வந்திருக்கிறோம் என்பது விளங்கியது.

பிரதியில் இருப்பது என்ன?

தஹாஃபுத் ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல் எழுதி முடிக்கப்பட்டது. இருபது விவாதங்கள் கொண்ட நூல். முதல் பதினாறும் இறையியல் சார்ந்தவை. பதினேழாவதிலிருந்து இயற்கை பற்றிய விவாதங்கள் தொடங்குகின்றன. மெய்யியலாளர்கள், குறிப்பாக இப்னு சீனாவின் வழியில் வந்தவர்கள், நெருப்பு பஞ்சைத் தொட்டால் எரித்தே தீர வேண்டும், அது நெருப்பின் இயல்பிலிருந்து விலக முடியாத விளைவு என்றார்கள். அப்படியானால் இப்ராஹீம் (அலை) அவர்கள் நெருப்பில் எரியாமல் இருந்தது எப்படி? கஸ்ஸாலியின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

அவருடைய வாதம் எளிமையானது. நெருப்பு தொடுவது ஒன்று, பஞ்சு எரிவது இன்னொன்று. ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறுத்தால் அதில் தர்க்க முரண் எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் கண் காண்கிறது. ஒன்றால்தான் மற்றது நிகழ்ந்தது என்பதைக் கண் காண்பதில்லை. சேர்ந்து வருவதற்குக் காரணம் அல்லாஹ் அவற்றை அப்படிச் சேர்த்துப் படைத்து வருவதே. இதை அவர் 'ஆதத்' என்கிறார், அதாவது வழமை.

இந்தப் பகுதிக்கு நம்மிடையே இரண்டு வாசிப்புகள் புழங்குகின்றன. ஒன்று வெளியிலிருந்து வந்தது, மற்றது நம் மேடைகளில் பிறந்தது. இரண்டுமே பிரதியைத் தாண்டிப் போகின்றன.

முதல் வாசிப்பு: அறிவியலைக் கொன்றவர்

கஸ்ஸாலி காரணத்தை மறுத்தார், அதனால் முஸ்லிம் உலகில் அறிவியல் செத்தது என்பது முதல் வாசிப்பு. இஸ்லாமும் அறிவியலும் ஒத்துப்போகா என்று எர்னஸ்ட் ரெனான் 1883இல் பாரிஸில் ஆற்றிய உரையும், அதற்கு ஜமாலுத்தீன் ஆப்கானி எழுதிய பதிலும் இந்தச் சர்ச்சையின் பழைய வடிவங்கள். நம் காலத்தில் அமெரிக்க வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் போன்றவர்கள் கஸ்ஸாலியின் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டுகிறார்கள்.

இவர்கள் தஹாஃபுதின் முன்னுரைகளைப் படித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று வானியலாளர் கணக்கிட்டுச் சொல்வதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று அங்கே அவர் எச்சரிக்கிறார். வரலாறும் இவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. நஸீருத்தீன் தூஸியின் மராகா வான் ஆய்வுக்கூடம் 1259இல் தொடங்கியது. நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விவரித்த இப்னு நஃபீஸ் 1288இல் மறைந்தவர். ஷாஃபிஈ ஃபிக்ஹிலும் தேர்ந்தவர். இருவரும் கஸ்ஸாலிக்குப் பின்னர் வந்தவர்கள்.

ஆய்வு நடக்க வழமை போதும். நம் மலையகத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. தேயிலைக்கு முன் இங்கே கோப்பிதான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் ஒரு துரு நோய் தென்பட்டது. பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளர் துவைட்ஸ் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, அந்தப் பூஞ்சணத்துக்கு இங்கிலாந்தில் பெயர் வைத்தார்கள். நோய் மண்ணாலா, மழையாலா, செடியின் பலவீனத்தாலா என்று தோட்டக்காரர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் பசையுள்ள கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். வித்தி இலையில் முளைப்பதையும், இலை நோயுறுவதையும் திரும்பத் திரும்பக் கண்டார். பூஞ்சணம் தர்க்கத்தின் கட்டாயத்தால் இலையை அழிக்கிறதா என்று அவர் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கஸ்ஸாலி மறுத்தது அந்தக் கட்டாயத்தை மட்டுமே. திரும்பத் திரும்ப வரும் வழமையை அவர் மறுக்கவில்லை.

இரண்டாவது வாசிப்பு: ஹியூமுக்கு முந்தியவர்

இரண்டாவது வாசிப்பு நமக்கு இனிப்பானது. டேவிட் ஹியூம் 1739இல் சொன்னதை கஸ்ஸாலி அறுநூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார், ஹியூம் அவரிடமிருந்துதான் எடுத்தார் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைக்கும்.

ஒற்றுமை உண்மைதான். இப்னு ருஷ்த் கஸ்ஸாலிக்கு எழுதிய மறுப்பு 1328இல் இலத்தீனுக்குப் போனது, அதன் வழியே கஸ்ஸாலியின் வாதங்களும் ஐரோப்பாவுக்குப் போயின. அல்லாஹ் ஒருவனே உண்மையான காரணன் என்பதற்கு நெருக்கமான கருத்தைப் பிரெஞ்சு மெய்யியலாளர் மால்பிரான்ஷ் 1674இல் தொடங்கி எழுதினார், அவரை ஹியூம் படித்திருந்தார். ஆனால் ஹியூம் கஸ்ஸாலியைப் படித்ததற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியம், இருவரின் 'வழமை'யும் ஒன்றல்ல. ஹியூமுக்கு வழமை மனித மனத்தில் இருக்கிறது. பலமுறை பார்த்துப் பழகிய மனம் அடுத்ததை எதிர்பார்க்கிறது, அவ்வளவுதான். கஸ்ஸாலிக்கு வழமை அல்லாஹ்வின் செயலில் இருக்கிறது. நம் எதிர்பார்ப்பு அதற்குப் பின்னால் வருவது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால், கஸ்ஸாலியை ஹியூமின் நிழலாக்கி விடுகிறோம். அதில் அவருக்கு என்ன மரியாதை?

எங்கே எனக்கு உடன்பாடில்லை

கஸ்ஸாலி சொன்னதெல்லாம் தீர்ந்த விஷயம் என்றும் நான் சொல்ல வரவில்லை. எதிராளியின் ஆட்சேபத்தை அவரே எடுத்து வைக்கிறார். எதுவும் எதிலிருந்தும் வரலாம் என்றால், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் ஒரு மிருகமாக மாறியிருக்கலாமே? அதற்கு அவர், இவை நடக்கக்கூடியவைதாம், ஆனால் நடக்கவில்லை என்ற அறிவையும் அல்லாஹ் நம்மில் படைத்திருக்கிறான் என்கிறார். பிறகு இன்னொரு வழியையும் திறக்கிறார். நெருப்புக்கு எரிக்கும் தன்மை உண்டு என்றே வைத்துக்கொள்வோம், ஒரு கனிமத் தூளைப் பூசிக்கொண்டவன் நெருப்பில் இருந்தும் எரியாதது போல, நாம் அறியாத ஒரு காரணத்தால் அது தடுக்கப்படலாம் என்கிறார்.

இந்த இரண்டு வழிகளில் அவருடைய உண்மையான நிலைப்பாடு எது? நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மைக்கல் மர்முரா முதல் வழிதான் என்கிறார். ரிச்சர்ட் ஃபிராங்க், கஸ்ஸாலி இப்னு சீனாவுக்கு நாம் நினைப்பதைவிட மிக நெருக்கமானவர் என்று 1992இல் வாதிட்டார். ஃபிராங்க் கிரிஃபல் 2009இல் வெளியிட்ட நூலில், இரண்டும் மார்க்கத்துக்கு முரணற்றவை என்று கண்ட கஸ்ஸாலி ஒன்றைத் தேர்ந்தெடுக்காமலே விட்டார் என்கிறார். எனக்குக் கிரிஃபலின் வாசிப்பே பிரதிக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் தேர்ந்தெடுக்காமல் விட்டதற்கு ஒரு விலை உண்டு. காரணத்தை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று இப்னு ருஷ்த் கேட்டதற்கு, தஹாஃபுதுக்குள் முழுமையான பதில் இல்லை. பதிலை வேறொரு நூலில் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு முன், நம் வாசிப்புகள் தவறவிட்ட ஒரு உதாரணத்தைப் பார்ப்போம்.

கண் திறந்தவனும் சூரியனும்

பிறவிக் குருடன் ஒருவனை நினைக்கச் சொல்கிறார் கஸ்ஸாலி. பகலில் அவன் கண்ணின் திரை விலகுகிறது. நிறங்களைக் காண்கிறான். கண் திறந்ததுதான் காண்பதற்கு முழுக் காரணம் என்று நம்புகிறான். சூரியன் மறைந்த பிறகுதான், கண் திறந்தே இருந்தும் ஒன்றும் தெரியாதபோது, இத்தனை நேரமும் வெளிச்சம் ஒன்று இருந்ததை அறிகிறான்.

மெய்யியலாளர்களை மடக்கவே கஸ்ஸாலி இதைச் சொன்னார். ஆனால் எரிந்த லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. புதிதாகத் தெரிந்த ஒன்றை முழுக் காரணமாக எடுத்துக்கொள்கிறோம். எப்போதும் இருப்பது கண்ணில் படுவதில்லை.

அவுஸ்திரேலியாவில் பிறந்த ஜே. எல். மெக்கி என்ற மெய்யியலாளர் 1965இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எடுத்த உதாரணமும் மின் ஒழுக்கால் ஒரு வீடு தீப்பிடித்ததுதான். மின் ஒழுக்கு மட்டும் இருந்தால் வீடு எரியாது. பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இருக்க வேண்டும், அணைக்கும் வசதி இல்லாமல் இருக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிதான் தீயை உண்டாக்கப் போதுமானது. அந்தத் தொகுதியில் நீக்க முடியாத ஒரு பங்கு மின் ஒழுக்கு. நாம் 'காரணம்' என்று பெயர் சூட்டுவது பெரும்பாலும் இப்படியான ஒரு பங்குக்குத்தான் என்றார் மெக்கி.

பெரியவரின் லயத்தில் அந்தத் தொகுதி என்ன? பத்துக் காம்பராவுக்கும் ஒரே நீளக் கூரை. தடுப்புச் சுவர்கள் கூரை வரை போகவில்லை. ஒரு பல்ப்புக்கு இழுத்த இணைப்பில் பிறகு டீவியும் கேத்தலும் சேர்ந்தன. ட்ரிப் சுவிட்ச் இல்லை. இஸ்தோப்பில் ஈரம் காய விறகு அடுக்கியிருந்தது. தண்ணீர்க் குழாய் தூரம். இதில் எங்கள் கடை வயரும் ஒன்று. 'மின் ஒழுக்கே காரணம்' என்று எழுதியவர் கண் திறந்ததை மட்டும் கண்டவர். கூரையும் சுவரும் அவர் கண்ணுக்குச் சூரியனைப் போல எப்போதும் இருந்தவை. அதனாலேயே அவை செய்தியில் வரவில்லை.

எறும்பும் பேனாவும்

வயர், கூரை, விறகு எல்லாம் பொருள்கள். ஆனால் பெரியவர் கேட்டது 'யார்' என்று. இங்கே கேள்வி மனத்துக்கு வந்துவிடுகிறது.

'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தவ்ஹீதும் தவக்குலும் பற்றிய பாகத்தில் ஓர் எறும்பு வருகிறது. காகிதத்தில் ஊரும் அது, பேனா முனைதான் காகிதத்தைக் கறுப்பாக்குகிறது என்று எண்ணுகிறது. அதன் பார்வை விரலுக்கு எட்டாது. பிறகு ஒரு தேடல் தொடங்குகிறது. காகிதம் மையைக் காட்டுகிறது, மை பேனாவை, பேனா கையை, கை ஆற்றலை, ஆற்றல் நாட்டத்தை, நாட்டம் அறிவைக் காட்டுகிறது. இப்படியே ஏறி, கடைசியில் அல்லாஹ்வின் வல்லமையில் போய் நிற்கிறது.

இன்றைய மன மெய்யியலில் இதே ஏணிக்கு நடுவில் ஒரு சண்டை நடக்கிறது. கை அசைய மூளையின் நரம்பு நிகழ்வே போதும் என்றால், 'நான் விரும்பினேன்' என்பதற்கு என்ன வேலை மிச்சம் என்று ஜேக்வொன் கிம் 1998இல் வெளியிட்ட நூலில் கேட்டார். வேலை மிச்சமில்லை என்று முடித்தால் பொறுப்பும் மிச்சமில்லை. அதே முடிவுக்கு மார்க்கத்தின் பெயராலும் வரலாம்: எல்லாம் அல்லாஹ்வின் வல்லமை, ஆகவே தோட்ட நிர்வாகத்தைக் கேட்காதே, கடைக்காரனைக் கேட்காதே.

அஷ்அரிய்யா இமாம்கள் 'கஸ்ப்' என்ற கருத்தால் தடுத்தது இந்த முடிவைத்தான். செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதிப்பவன் மனிதன், ஆகவே கேள்வி கணக்கும் மனிதனுக்கே. அந்தக் கருத்தைத் தர்க்கமாக விளக்குவது கஷ்டம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கஷ்டம் உண்டு. ஆனால் அது எதைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஜேம்ஸ் வுட்வர்ட் 2003இல் எழுதிய நூல் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. எதை மாற்றினால் விளைவு மாறுமோ அதுவே காரணம் என்பது அவர் நிலை. ஒருவர் மனம் வைத்திருந்தால் வயர் மாறியிருக்கும், வயர் மாறியிருந்தால் லயம் நின்றிருக்கும். நரம்புகளைப் பற்றிய எந்த உண்மையும் இதை அழிக்காது.

ஏறும் பாதியும் இறங்கும் பாதியும்

இப்னு ருஷ்துக்கான பதில் இன்னொரு நூலில் இருக்கிறது என்றேன். அது இஹ்யாவின் இதே பாகம்தான். எறும்பின் ஏணி அதன் முதல் பாதி. நம் பயான்களில் அதிகம் கேட்பது அந்தப் பாதி. இரண்டாம் பாதியில் கஸ்ஸாலி ஏணியிலிருந்து இறங்கி வருகிறார். பசித்தவன் சோற்றுக்குக் கை நீட்டாமல், அல்லாஹ் ஊட்டுவான் என்று உட்கார்ந்திருந்தால் அது தவக்குல் அல்ல, பைத்தியம் என்கிறார். பயன் உறுதியானவை, அனுமானமானவை, வெறும் கற்பனையானவை என்று காரணங்களைப் பிரிக்கிறார். உறுதியானவற்றைக் கைவிடுவது தவக்குலில் சேராது. தஹாஃபுதில் தர்க்கக் கட்டாயத்தை மறுத்த அதே கை, இங்கே வழமையை நம்பி நடக்கச் சொல்கிறது.

அத்தோடு நிற்கவில்லை. வனவிலங்கு நடமாடும் நிலத்திலும், வெள்ளம் பாயும் பள்ளத்திலும், சாய்ந்த சுவரின் கீழும், உடைந்த கூரையின் கீழும் உறங்குவது தவக்குல் அல்ல, அது தடுக்கப்பட்டது, அப்படிச் செய்கிறவன் பயனில்லாமல் தன்னை அழிவுக்குக் கொடுக்கிறான் என்கிறார்.

மலையகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது வேறு விளக்கம் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிறகு அதையும் பலர் இயற்கையின் சீற்றம் என்றார்கள், விதி என்றார்கள். மழை காரணம்தான், பேனா முனை காரணம் என்பது போல.

இங்கே கஸ்ஸாலியைக் கொஞ்சம் தாண்டவும் வேண்டும். அவர் பேசுவது தான் உறங்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கக்கூடியவனிடம். லயத்து மனிதருக்கு அந்தத் தெரிவு இல்லை. நிலமும் வீடும் அவர் பெயரில் இல்லை, ஒரு சுவரை உயர்த்தவும் அனுமதி கேட்க வேண்டும். அப்படியானால் சாய்ந்த சுவரின் கீழ் உறங்குவது தடுக்கப்பட்டது என்ற சட்டம் யார் மேல் விழும்? உறங்குகிறவர் மேல் அல்ல, உறங்க வைத்தவர் மேல். இதை கஸ்ஸாலி எழுதவில்லை. ஆனால் அவர் எழுதியதிலிருந்து இது நேராக வருகிறது.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேட்டுத் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பது அவர்கள் பதிலின் கருத்து. நல்ல வயர் போடுவதும் கத்ர்தான், சுவரைக் கூரை வரை கட்டுவதும் கத்ர்தான்.

விடுமுறை முடிய ரெண்டு நாள் இருக்கும்போது இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். என் ஆய்வைப் பற்றி அவர் முழுதாகக் கேட்டது அன்றுதான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் நாட்டம் எண்டு சொன்னது பிழையா மகன்?" என்றார்.

"இல்ல வாப்பா. அதோட பேச்ச நிப்பாட்டினதுதான் பிழை."

"அந்த வயரு?"

"அதும் ஒரு பங்கு வாப்பா."

மறுநாள் கடை திறந்ததும் வாப்பா அந்த வயர்ச் சுருள்களை இறக்கி உள்ளே போட்டார். கொப்பியில் பெரியவரின் பக்கத்தைக் குறுக்கே வெட்டினார். இது பெரிய காரியம் ஒன்றும் இல்லை, எங்கள் பங்கு மட்டும்தான். கூரைக்கும் சுவருக்கும் இணைப்புக்கும் பொறுப்பானவர்களிடம் யாரும் அதன் பிறகும் கேட்கவில்லை. பெரியவரின் குடும்பம் அந்த வருட மழைக்காலம் முழுவதும் தகரக் கொட்டிலில்தான் இருந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அதற்குப் பிறகு திரும்ப எழுதினேன். அந்த அத்தியாயம் இப்போது பெரியவரின் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.